தனியாளுக்கு ஒரு கடலோர நகரம்: வில்மிங்டனை முன்வைத்து

அமெரிக்காவின் தென்மாநிலக் கடலோரத்தில் ஒன்றிலிருந்து சுமார் இரண்டு லட்சம் பேர் வரை வாழும் நகரங்கள் சில இருக்கின்றன. வட கரோலினாவில் வில்மிங்டன், தென் கரோலினாவில் சார்ல்ஸ்டன், ஜார்ஜியாவில் சவானா, அலபாமாவில் மொபீல். வடக்கின் பனியும் பெருநகரத்து வாடகையும் அலுத்துப்போனவர்கள் பல ஆண்டுகளாக இந்த ஊர்களுக்குக் குடிபெயர்ந்து வருகிறார்கள். குடும்பமாக வருகிறவர்களுக்குப் பள்ளிக்கூடத் தகவல் கிடைக்கிறது; ஓய்வுக்காலத்துக்கு வருகிறவர்களுக்கு வீட்டுமனைக்காரர்கள் வழிகாட்டுகிறார்கள். முப்பது, நாற்பது, ஐம்பது வயதில் துணையும் பிள்ளையும் இல்லாமல் தனியே வந்து இறங்குகிறவரைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. 1940இல் அமெரிக்க வீடுகளில் 7.7 சதவீதத்தில் மட்டுமே ஒற்றை ஆள் வாழ்ந்தார். 2020 கணக்கெடுப்பில் அது 27.6 சதவீதம். நான்கு வீட்டுக்கு ஒரு வீடு என்ற அளவைத் தாண்டிவிட்ட ஒரு கூட்டத்தைப் பற்றித்தான் இந்தப் பேச்சின்மை.

தனியாள் என்றதும் எல்லாரும் தனிமையைப் பற்றிப் பேசப் போய்விடுகிறார்கள். தனிமை உண்மையான துன்பம்தான். அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் தனியே குடிபெயர்வதன் அடிப்படைச் சிக்கல் வேறு. இரண்டு பேர் வாழும் வீட்டில் ஒருவருக்கு வேலை போனால் இன்னொருவர் சம்பளம் வருகிறது. ஒரு கார் பழுதானால் இன்னொன்று நிற்கிறது. ஒருவர் படுத்துவிட்டால் இன்னொருவர் மருந்து வாங்கி வருகிறார். தனியாளின் வீட்டில் இந்த இரண்டாவது ஆள் இல்லை. அந்த இடத்தை நகரம்தான் நிரப்பியாக வேண்டும்: அதன் வேலைச் சந்தை, பேருந்து, மருத்துவமனை, அக்கம்பக்கம், மாநிலச் சட்டம். எனவே ஓர் ஊரை அதன் அழகான வாரத்தை வைத்துத் தனியாள் எடைபோடக் கூடாது என்பது என் கட்சி. அங்கே நேரக்கூடிய மிக மோசமான வாரத்தில் அந்த ஊர் தனக்கு என்ன செய்யும் என்று பார்த்துத்தான் போக வேண்டும். அந்தப் பார்வையில் வில்மிங்டனை விரிவாகவும் மற்ற ஊர்களை ஒப்பீட்டுக்காகவும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

வில்மிங்டனின் ஈர்ப்பைக் குறைத்துச் சொல்ல முடியாது. மேற்கே கேப் ஃபியர் ஆறு, கிழக்கே பத்து மைல் தொலைவுக்குள் அட்லாண்டிக். ஆற்றங்கரை நடைபாதையில் நின்றால் எதிர்க்கரையில் இரண்டாம் உலகப் போரில் சண்டையிட்ட நார்த் கரோலினா போர்க்கப்பல் தெரியும். கலிஃபோர்னியாவின் பார்ஸ்டோவில் புறப்படும் ஐ-40 நெடுஞ்சாலை கண்டத்தைக் குறுக்காகக் கடந்து இங்கே வந்து முடிகிறது. 2020இல் நகரத்தின் மக்கள்தொகை 1,15,451. ஆற்றுக்கு அப்பாலுள்ள பிரன்ஸ்விக் கவுன்ட்டி 2010க்கும் 2020க்கும் இடையில் 27 சதவீதம் வளர்ந்தது. குளிர்காலம் மென்மையானது, அலையில் விளையாட ரைட்ஸ்வில் கடற்கரை, பல்கலைக்கழகம், நாடக அரங்கு, சினிமாப் படப்பிடிப்புத் தளம் என்று சிற்றூருக்கு மீறிய வசதிகளும் உண்டு.

முதலில் பணம். அமெரிக்க வீட்டுக்காரர்கள் பலர், வாடகையைப் போல மூன்று மடங்கு மாத வருமானம் காட்டச் சொல்வார்கள். ஒரு படுக்கையறை வீட்டுக்கு மாதம் 1,500 டாலர் என்று வைத்துக்கொண்டால் 4,500 டாலர் மாத வருமானம் வேண்டும், ஆண்டுக்கு 54,000. இணையர்கள் ஆளுக்கு 27,000 சம்பாதித்தாலே இந்தத் தடையைத் தாண்டிவிடுவார்கள். தனியாள் முழுவதையும் ஒருவராகவே காட்ட வேண்டும். வட கரோலினாவில் குறைந்தபட்சக் கூலி இன்னமும் மணிக்கு 7.25 டாலர்தான், 2009இல் கூட்டாட்சி அரசு வைத்த அளவு. வாரம் 40 மணி நேரம், ஆண்டு முழுவதும் உழைத்தாலும் 15,080 டாலர். பலருக்கு இதைவிடக் கூடுதலாகவே சம்பளம் வருகிறது. ஆனாலும் சுற்றுலா ஊரின் உணவகங்களிலும் விடுதிகளிலும் வேலை செய்கிறவர் தனியே ஒரு வீடு எடுப்பது இங்கே எவ்வளவு தூரத்துக் கனவு என்பது இந்தக் கணக்கிலிருந்து விளங்கும். வாடகைக்கு உச்சவரம்பு விதிக்க நகராட்சிகளுக்கு மாநிலச் சட்டம் அனுமதி தருவதில்லை. வாடகைக்காரருக்குச் சாதகமாக ஒரு விதி உண்டு: ஓராண்டு ஒப்பந்தத்துக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது, காலிசெய்த 30 நாளுக்குள் கணக்குக் கொடுக்க வேண்டும்.

வாடகையை எல்லாரும் விசாரிக்கிறார்கள். வேலைச் சந்தையின் ஆழத்தை விசாரிப்பவர்கள் குறைவு. இருக்கிற வேலை போனால் அதே ஊரில் இன்னொன்று கிடைக்குமா என்பதுதான் தனியாளுக்கு முக்கியமான கேள்வி. வில்மிங்டன் இந்த விஷயத்தில் அடிபட்ட ஊர். அட்லாண்டிக் கோஸ்ட் லைன் ரயில் நிறுவனத்தின் தலைமையகம் இங்கேதான் இருந்தது. 1955இல் அதை ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லுக்கு மாற்றப்போவதாக அறிவித்தார்கள். 1960இல் மாற்றியும் விட்டார்கள். ஊழியர்கள் குடும்பம் குடும்பமாக அதன் பின்னே போனார்கள். அதற்குப் பிறகு வந்த பெரிய நம்பிக்கை சினிமா. இத்தாலியத் தயாரிப்பாளர் டீனோ டி லாரென்டிஸ் 1984இல் இங்கே படப்பிடிப்புத் தளம் கட்டினார். ‘டாசன்ஸ் க்ரீக்’, ‘ஒன் ட்ரீ ஹில்’ போன்ற தொடர்கள் இங்கே எடுக்கப்பட்டன. மாநில அரசு கொடுத்துவந்த வரிச்சலுகை 2014 முடிவில் காலாவதியானதும் படப்பிடிப்புகள் ஜார்ஜியாவுக்கு நகர்ந்தன. விளக்குப் போடுகிறவர், ஒப்பனைக்காரர், தச்சர் எல்லாரும் அட்லான்டாவுக்கு வண்டி கட்டினார்கள். பிறகு வேறு வடிவில் உதவித்தொகை வந்து தொழில் ஓரளவு மீண்டது.

இன்றைய நிலைமை மேல். மருந்துச் சோதனைகளை நடத்தித் தரும் பிபிடி நிறுவனம் இங்கே வளர்ந்தது. 2021இல் தெர்மோ ஃபிஷர் அதை 1,740 கோடி டாலருக்கு வாங்கியது. லைவ் ஓக் வங்கியும் வங்கிகளுக்கு மென்பொருள் செய்யும் என்சினோவும் இங்கே பிறந்தவை. அணுமின் எரிபொருள், கண்ணாடி இழைத் தொழிற்சாலைகளும் உண்டு. ஆனாலும் ஒவ்வொரு துறையிலும் ஒன்றோ இரண்டோ பெரிய முதலாளிகள்தான். மருந்துச் சோதனைத் துறையில் வேலை இழந்தவர் அடுத்த வேலைக்கு ராலே, டர்ஹாம் பக்கம்தான் பார்க்க வேண்டும். அது இரண்டு மணி நேரப் பயணம். எங்கிருந்தும் செய்யக்கூடிய வேலையைக் கையோடு கொண்டுவருகிறவருக்கு இந்த அச்சம் குறைவு. அப்படிப்பட்டவரும் தன் நிறுவனம் ஒருநாள் அலுவலகத்துக்கு வரச்சொன்னால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே யோசித்து வைத்திருப்பது நல்லது.

அடுத்தது புயல். இதில் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் இதைத்தான் மிகக் குறைவாகப் புரிந்துகொண்டு வருகிறார்கள். ஃபுளோரன்ஸ் புயல் நடுக்கடலில் நான்காம் வகையாக இருந்தது. 2018 செப்டம்பர் 14 காலையில் ரைட்ஸ்வில் கடற்கரையில் கரையேறியபோது முதலாம் வகையாகத் தணிந்திருந்தது. வகை எண் காற்றின் வேகத்தை மட்டுமே சொல்லும். ஃபுளோரன்ஸ் நகராமல் நின்று பெய்தது. நகரத்தில் 20 அங்குலத்துக்கு மேல் மழை. ஐ-40, ஐ-95 இரண்டிலும் வெள்ளம் ஏறி, வில்மிங்டன் சில நாட்கள் சாலைத் தொடர்பே இல்லாத தீவானது. பல்கலைக்கழகம் ஏறத்தாழ ஒரு மாதம் மூடிக் கிடந்தது. அந்த ஆண்டின் மொத்த மழை 100 அங்குலத்தைத் தாண்டியது. புயலுக்குப் பிறகு, கூரை ஒழுகிப் பூஞ்சை பிடித்த அடுக்குமாடிகளில் வாடகைக்கு இருந்தவர்கள் காலிசெய்யச் சொல்லப்பட்டார்கள். ஊரில் கிடைத்த மிச்ச வீடுகளுக்கோ போட்டி.

2024 செப்டம்பர் 16ஆம் தேதி நடந்தது இன்னும் பெரிய பாடம். புயல் என்று பெயர்கூடச் சூட்டப்படாத ஒரு வானிலைக் குலைவு, தெற்கே பதினைந்து மைலில் இருக்கும் கரோலினா பீச்சில் அரை நாளில் சுமார் 18 அங்குலம் கொட்டியது. பெயர் வந்த பிறகு தயாராகலாம் என்று இருந்தவர்களுக்குத் தயாராக நேரமே கிடைக்கவில்லை.

இப்போது தனியாள் ஒருவர் இதை எதிர்கொள்வதை நெருங்கிப் பாருங்கள். வெளியேறச் சொல்லி உத்தரவு வருகிறது. உள்நாட்டுக்குப் போகும் முதன்மைப் பாதை ஐ-40. காரில் பெட்ரோல் நிரப்ப வரிசை. மாடியில் உள்ள மேசை நாற்காலிகளை உள்ளே இழுக்க வேண்டும், குளியல் தொட்டியில் தண்ணீர் பிடிக்க வேண்டும், ஆவணங்களைப் பிளாஸ்டிக் உறையில் போட வேண்டும், கீழ்த்தளத்தில் இருப்பவரானால் சோபாவைக் கட்டைமேல் தூக்கி வைக்க வேண்டும். சோபாவை ஒருவரால் தூக்க முடியாது. விடுதி அறைக்கு இரண்டு பேர் போனாலும் ஒருவர் போனாலும் அதே கட்டணம். நான்கு நாள், ஐந்து நாள் என்று இருந்தால் ஒரு மாத வாடகையில் பாதி போய்விடும். எனவே பலர் இருந்துவிடுகிறார்கள். இருந்துவிட்டவர்களுக்குப் புயல் நாளைவிட அடுத்த வாரம் கொடியது: மின்சாரம் இல்லை, குளிர்சாதனம் இல்லை, செப்டம்பர் வெக்கை. 2021இல் ஐடா புயலுக்குப் பிறகு நியூ ஆர்லியன்ஸில் இறந்தவர்களில் பலர் மின்சாரமற்ற வீடுகளில் வெப்பத்தால் இறந்த முதியவர்கள். 1995இல் சிகாகோ வெப்ப அலையில் எழுநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதை ஆராய்ந்த சமூகவியலாளர் எரிக் கிளினென்பெர்க், தனியே வாழ்ந்து யாரும் எட்டிப் பார்க்காமல் போனவர்களை அந்தச் சாவுகளின் மையத்தில் கண்டார். கதவைத் தட்ட ஓர் ஆள் இருப்பது உயிர் காக்கும் ஏற்பாடு.

காப்பீட்டில் ஒரு பொறி இருக்கிறது. வீட்டுக் காப்பீடு வெள்ளத்தைச் சேர்த்துக்கொள்வதில்லை. வாடகைக்காரர் எடுக்கும் சாதாரணக் காப்பீடும் அப்படித்தான். 1968இல் தொடங்கிய தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் தனியாக எடுக்க வேண்டும். வாடகைக்காரர்கள் தங்கள் பொருள்களுக்கு மட்டும் ஒரு லட்சம் டாலர் வரை எடுக்கலாம். ஆனால் பொதுவாக 30 நாள் கழித்தே அது நடைமுறைக்கு வரும். தொலைக்காட்சியில் புயலைப் பார்த்துவிட்டு எடுத்தால் பயனில்லை. சொந்த வீடு வாங்கினால் நிலைமை இன்னும் சிக்கல். வட கரோலினாக் கடலோரக் கவுன்ட்டிகளில் பல நிறுவனங்கள் காற்றுச் சேதத்தையும் ஆலங்கட்டிச் சேதத்தையும் வீட்டுக் காப்பீட்டிலிருந்து விலக்கிவிடுகின்றன. அதற்கென மாநிலச் சட்டப்படி அமைந்த தொகுப்பு நிதியில் இன்னொரு காப்பீடு எடுக்க வேண்டும். வீடு, காற்று, வெள்ளம் என்று மூன்று தாள்கள், மூன்று தவணைகள். பெயர் சூட்டிய புயலென்றால் வீட்டின் காப்பீட்டு மதிப்பில் சில சதவீதத்தை முதலில் நாமே ஏற்க வேண்டியிருக்கும். ஒற்றைச் சம்பளத்தில் வீடு வாங்கத் துணிகிறவர் விலையைக் கேட்பதற்கு முன் இந்த மூன்றையும் கேட்க வேண்டும். வாடகைக்குப் போகிறவரும் அந்த முகவரி எந்த வெள்ள மண்டலத்தில் இருக்கிறது, எந்த வெளியேற்ற மண்டலத்தில் இருக்கிறது என்று இரண்டு வரைபடங்களைப் பார்த்துவிடட்டும். இரண்டும் வேறு வேறு. மழையே இல்லாத நாளிலும் ஓதம் ஏறிப் போர்க்கப்பலின் வாகன நிறுத்துமிடத்தில் தண்ணீர் நின்றுவந்தது. அதோடு சண்டை போடுவதை விட்டுவிட்டு, அந்த நிலத்தின் ஒரு பகுதியைச் சதுப்பாகவே திருப்பிவிடும் திட்டத்தைக் கப்பல் நிர்வாகம் கையில் எடுத்தது. கடல் மட்டத்தோடு சமரசம் பேசத் தொடங்கிய ஊர் இது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

குடிநீர் பற்றியும் சொல்ல வேண்டும். நகரம் குடிப்பது கேப் ஃபியர் ஆற்று நீர். ஆற்றின் மேற்புறம் ஃபேயட்வில் அருகிலுள்ள கெமோர்ஸ் ஆலையிலிருந்து ஜென்எக்ஸ் என்ற நிலைத்த வேதிப்பொருளும் அதன் உறவுகளும் ஆண்டுக்கணக்கில் ஆற்றில் கலந்து குழாய் வரை வந்துகொண்டிருந்ததை 2017 ஜூனில் உள்ளூர் நாளிதழ் ஸ்டார்நியூஸ் வெளிக்கொண்டு வந்தது. வழக்கமான சுத்திகரிப்பு அதைப் பிடிக்காது. 2022இல் ஸ்வீனி சுத்திகரிப்பு நிலையத்தில் கரித்துகள் வடிகட்டிகள் நிறுவப்பட்ட பிறகு நிலைமை பெரிதும் தேறியது. நகரக் குழாய்த் தண்ணீர் வரும் வீடா, கிணற்றுத் தண்ணீர் வரும் வீடா என்று கேட்பது இன்றும் அவசியம். வடிகட்டி நகரக் குழாயில்தான் இருக்கிறது. ஊர்மக்கள் கூட்டம் கூட்டமாகக் கேள்வி கேட்டு இதைச் சாதித்தார்கள் என்பதை நான் இந்த ஊரின் பெரிய வரவாகக் கருதுகிறேன்.

மருத்துவத்துக்கு வருவோம். ஐம்பதை நெருங்குகிற எவருக்கும் மருத்துவர் பெருங்குடல் பரிசோதனைக்கு எழுதித் தருவார். அரை மயக்கத்தில் செய்வது. அரை மணி நேர வேலை. முன்பதிவு செய்யும்போது அமெரிக்க மருத்துவ நிலையங்கள் பெரும்பாலும் ஒரு நிபந்தனை வைக்கும்: முடிந்ததும் வீட்டுக்கு அழைத்துப் போகப் பொறுப்பான ஒருவர் உடன் வர வேண்டும், வாடகைக் கார் மட்டும் போதாது. ஆள் வரவில்லையென்றால் சிகிச்சையை ஒத்திப் போட்டுவிடுவார்கள். புதிய ஊரில் வந்து எட்டு மாதமே ஆன ஒருவர், ஒரு புதன்கிழமை காலையில் விடுப்புப் போட்டுவிட்டு தன்னோடு வரச்சொல்லி யாரைக் கேட்பார்? படிவத்தில் ‘அவசரத் தொடர்பு’ என்ற கட்டத்தில் எண்ணூறு மைல் தள்ளியிருக்கும் அக்காவின் பெயரை எழுதுகிறார். எனக்குத் தெரிந்தவரை, தனியே குடிபெயர்ந்தவரின் உண்மையான நிலைமை தெரிகிற இடம் கடற்கரையில் இல்லை, அந்தக் கட்டத்தில் இருக்கிறது.

மருத்துவக் காப்பீட்டில் மாநில எல்லை ஒரு பெரிய கோடு. வட கரோலினா 2023 டிசம்பர் 1 முதல், வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்ட் திட்டத்தைப் பிள்ளையில்லாத தனியாள்களுக்கும் விரித்தது. 2025 கணக்கில் ஆண்டு வருமானம் ஏறத்தாழ 21,600 டாலருக்குள் இருந்தால் தகுதி. தென் கரோலினாவும் அலபாமாவும் விரிக்கவில்லை. அங்கே குறைந்தபட்சக் கூலியில் முழுநேரம் உழைத்து 15,080 டாலர் ஈட்டும் தனியாள், அந்த ஆண்டின் வறுமைக்கோடான 15,650க்குக் கீழே விழுகிறார். பிள்ளை இல்லாததால் அவருக்கு மெடிகெய்ட் இல்லை. காப்பீட்டுச் சந்தை மானியம் வறுமைக்கோட்டுக்கு மேலே தொடங்குவதால் அதுவும் இல்லை. முழுநேரம் உழைக்கும் ஒருவருக்கு இரண்டு கதவுகளும் சாத்தியிருக்கின்றன; இது எனக்குப் பொறுக்க முடியாத அநீதியாகவே படுகிறது. ஜார்ஜியா, மாதம் 80 மணி நேர வேலையோ படிப்போ காட்டினால் மட்டும் திறக்கும் ஒரு கதவை 2023இல் வைத்தது. வேலையை விட்டுவிட்டு ஊர் மாறி, புது வேலை தேடுகிற சில மாதங்களில் எவருடைய வருமானமும் கீழே போகலாம். சார்ல்ஸ்டனா வில்மிங்டனா என்று தயங்குகிற தனியாளுக்கு இந்த ஒரு வேறுபாடே தீர்மானமாக இருக்கலாம். வில்மிங்டனில் பெரிய மருத்துவமனை ஒன்றுதான். கவுன்ட்டிக்குச் சொந்தமாக இருந்ததை 2021இல் நோவான்ட் நிறுவனத்துக்கு விற்றார்கள். விற்ற பணத்தில் 125 கோடி டாலர் ஓர் அறக்கட்டளையாகியிருக்கிறது.

போக்குவரத்தில் சொல்ல அதிகமில்லை. கார் இல்லாமல் இங்கே வாழ்வது கடினம். பேருந்துகள் உண்டு, நீண்ட இடைவெளியில். பயணிகள் ரயில் 1968இல் நின்றது; ராலேக்கு மறுபடி விட வேண்டும் என்று திட்டம் தீட்டி வருகிறார்கள். நகரத்தினூடே ரைட்ஸ்வில் கடற்கரைப் பாலம் வரை போகும் சுமார் 15 மைல் சைக்கிள் பாதை நல்லது. அந்தப் பாதைக்கு அருகில் வீடு பார்க்கிறவருக்குக் கார் பணிமனையில் நிற்கிற நாளிலும் கடைக்குப் போக வழி இருக்கும்.

இனி துணை. வில்மிங்டனில் வயதின் வடிவம் வித்தியாசமானது. ஒரு பக்கம் பல்கலைக்கழகத்தின் இருபது வயதுக்காரர்கள். மறுபக்கம், முக்கியமாக ஆற்றுக்கு அப்பால், ஓய்வு பெற்ற தம்பதிகள். நடுவயதுத் தனியாள் இந்த இரண்டு கூட்டத்துக்கும் இடையில் நிற்கிறார். வாரயிறுதியில் நகர மையத்து மதுக்கூடங்கள் மாணவர்களுக்கானவை. வேலியிட்ட குடியிருப்புகளின் கோல்ஃப் மைதானங்கள் தம்பதிகளுக்கானவை. கோடையில் சுற்றுலாக்காரர்களால் ஊர் நிறைகிறது, அவர்களோ வாரத்துக்கு வாரம் மாறுகிறவர்கள். தெற்கத்திய உபசாரம் உண்மை. கடையில், தெருவில் முகம் பார்த்துப் பேசுவார்கள். அறிமுகமான சில நிமிடத்தில் எந்தச் சர்ச்சுக்குப் போகிறீர்கள் என்று கேட்பதும் இங்கே சகஜம். பாப்டிஸ்ட், மெதடிஸ்ட், ஆப்பிரிக்க மெதடிஸ்ட் சபைகள் புயலுக்குப் பின் சோறு போடுவதிலிருந்து கூரை போர்த்துவது வரை செய்கின்றன. சபைக்குள் இருக்கிற தனியாளுக்கு அந்த இரண்டாவது ஆள் கிடைத்துவிடுகிறார். சபைக்கு வெளியே இருக்கிறவர் அதற்கு ஈடாக ஒன்றைத் தேடிக்கொள்ள வேண்டும்.

எதைத் தேடுவது? கான்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகம் சாதாரண நட்பாக ஏறத்தாழ 50 மணி நேரம், நல்ல நட்பாக 90, நெருங்கிய நட்பாக 200 மணி நேரத்துக்கு மேல் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது என்று கண்டார். 200 மணி நேரம் என்பது வாரம் இரண்டு மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டு. ஒருமுறை போய்வருகிற விருந்துகளில் இது சேராது. அதே முகங்களை அதே நாளில் மறுபடி மறுபடி பார்க்கும் வேலைகளில்தான் சேரும். இந்தக் கடற்கரையில் அப்படியொரு வேலை உண்டு. மே முதல் ஆகஸ்ட் வரை லாகர்ஹெட் ஆமைகள் இரவில் கரையேறி முட்டையிடும். விடியலில் தன்னார்வலர்கள் முறைவைத்துக் கரையோரம் நடப்பார்கள். டிராக்டர் ஓடிய தடம் போல மணலில் அலையிலிருந்து மேடுவரை போய்த் திரும்பியிருக்கும் ஆமைத் தடத்தைக் கண்டால் நின்று, முட்டைக்குழியைக் கண்டறிந்து, கம்பு நட்டு, எண் எழுதி அடையாளம் வைப்பார்கள். ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்துக் குஞ்சு பொரிக்கும் நாள் நெருங்கும்போது இரவெல்லாம் குழியருகே காவல் இருப்பார்கள். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர் ஓய்வு பெற்ற செவிலியாக இருக்கலாம், தச்சராக இருக்கலாம். டாப்செயில் தீவுக்கு அருகில் காயம்பட்ட ஆமைகளுக்கு மருத்துவமனையே நடக்கிறது. ஆமையில் ஆர்வமில்லாதவர் நாடகக் குழு, உணவு வங்கி, படகுக் கழகம் என்று எதையாவது எடுக்கட்டும். நாள் குறித்த பொறுப்பாக இருந்தால் போதும்.

தமிழர்களுக்கு ஒரு வார்த்தை. மருந்துச் சோதனை, வங்கி மென்பொருள் வேலைகளுக்கு நம்மவர்கள் இங்கே வருவதுண்டு. ஆனால் வட கரோலினாவின் தமிழ் வாழ்வு ராலே, கேரி, மாரிஸ்வில் பக்கம்தான் அடர்ந்திருக்கிறது. கேரியில் 2009இல் குடமுழுக்கான வெங்கடேஸ்வரர் கோயிலுக்கு இங்கிருந்து ஐ-40இல் சுமார் 130 மைல். பொங்கல், தீபாவளிக்குப் போய்வரலாம். வாராவாரம் போக முடியாது. அங்கே கிடைக்கும் உறவுகளை வைத்துக்கொண்டு, புதன்கிழமைக் காலையில் துணைக்கு வர உள்ளூரில் ஆள் தேடுவதுதான் இங்கே வரும் தமிழ்த் தனியாளின் இரட்டை வேலை. புயலில் வெளியேற வேண்டிவந்தால் அதே 130 மைல் தொலைவு வரமாகிவிடும்: விடுதிக்குப் பதில் ஒரு நண்பர் வீடு.

ஊரின் வரலாற்றைத் தெரிந்துகொள்ளாமல் இங்கே குடியேறக் கூடாது என்பதில் எனக்கு உறுதி உண்டு. 1898இல் வில்மிங்டன் கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக வாழ்ந்த நகரம். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்த நகர ஆட்சி நடந்தது. அந்த ஆண்டு நவம்பர் 10 அன்று ஆயுதம் தாங்கிய வெள்ளை மேலாதிக்கக் கும்பல் அலெக்சாண்டர் மேன்லி நடத்திய கறுப்பர் நாளிதழான டெய்லி ரெக்கார்டின் அலுவலகத்தை எரித்து, தெருக்களில் கறுப்பரைச் சுட்டுக் கொன்று, தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்சியைத் துப்பாக்கி முனையில் விரட்டி, தன் ஆள்களை அமர்த்தியது. எத்தனை பேர் இறந்தார்கள் என்பது இன்றும் தீராத கணக்கு. ஆயிரக்கணக்கானோர் ஊரை விட்டு ஓடினார்கள். பல பத்தாண்டுகள் இதை ‘கறுப்பர் கலவரம்’ என்று சொல்லி மறைத்தார்கள். 2006இல்தான் மாநில அரசு அமைத்த ஆணையம் முழு அறிக்கை தந்தது. 2008இல் நினைவுப் பூங்கா வந்தது. டேவிட் ஸுக்கினோ எழுதிய வரலாறு 2021இல் புலிட்சர் பரிசு பெற்றது. இன்று நகரத்தில் கறுப்பினத்தவர் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான். இந்த ஊரின் பெரிய வீடுகள் யாரிடமிருந்து யாருக்குப் போயின, எந்தத் தெரு ஏன் ஏழ்மையாக இருக்கிறது என்பதெல்லாம் இந்த ஒரு நாளிலிருந்து தொடங்குகிறது. ‘மலிவான, வளர்ந்துவரும் பகுதி’ என்று வீட்டுத் தரகர் காட்டும் நகர மையத்து வடபுறத் தெருக்கள் பலவற்றில் தலைமுறைகளாக இருந்த கறுப்பினக் குடும்பங்கள் வாடகை ஏறி வெளியேறுகின்றன. அங்கே வந்து சேர்கிறவருக்கு, முன்பு அங்கிருந்தவர் யார் என்று கேட்கும் கடமை இருக்கிறது. ஆசிய முகத்தோடு வருகிறவருக்கும் இது பொருந்தும்.

மற்ற ஊர்களோடு வைத்துப் பார்த்தால், நடந்து வாழ விரும்புகிற தனியாளுக்குச் சவானா மேல். 1733இல் ஜார்ஜியாக் குடியேற்றத்தை நிறுவிய ஒக்லதோர்ப் போட்ட நகர அமைப்பில் இன்றும் 22 சதுக்கங்கள் மிஞ்சியிருக்கின்றன. வீட்டை விட்டு இறங்கினால் மரநிழலில் ஒரு பெஞ்சு, அதில் ஒரு மனிதர். துறைமுகம், கல்ஃப்ஸ்ட்ரீம் விமான ஆலை, 2024இல் உற்பத்தி தொடங்கிய ஹூண்டாய் கார் ஆலை என்று வேலைச் சந்தையும் ஆழமானது, பயணிகள் ரயிலும் உண்டு. சார்ல்ஸ்டன் அழகிலும் உணவிலும் முதலிடம். அங்கே விலையும் ஓத வெள்ளமும் ஒற்றைச் சம்பளத்தைக் கரைத்துவிடும். மொபீல் நான்கிலும் சிக்கனமானது. கப்பல் கட்டும் தளமும் ஏர்பஸ் ஆலையும் இருப்பதால் தொழிற்கல்வி உள்ளவருக்கு வேலை உண்டு. 2025 ஆகஸ்டிலிருந்து நியூ ஆர்லியன்ஸுக்கு ரயிலும் ஓடுகிறது. வில்மிங்டனின் சிறப்பு, கடல் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதும் மாநிலத்தின் மெடிகெய்ட் கதவு திறந்திருப்பதும். நிலையான வேலையோடு, ஆறு மாதச் செலவுக்குக் கையிருப்போடு வருகிற நாற்பது வயதுக்காரருக்கு நான் வில்மிங்டனையே சொல்வேன். சேமிப்பு இல்லாமல் உணவக வேலையை நம்பி வருகிறவரை ஊக்கப்படுத்த எனக்கு மனம் வராது.

எப்போது வருவது என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஆகஸ்டில் மாணவர்கள் வீடு மாறுவார்கள். போட்டி கடுமை, புயல் பருவமும் உச்சத்தை நோக்கிப் போகும். கடற்கரை வீடுகளைக் கோடையில் வார வாடகைக்கு விடுகிறவர்கள், செப்டம்பரிலிருந்து மே வரை மேசை கட்டிலோடு மாத வாடகைக்குக் குறைந்த விலையில் விடும் வழக்கம் உண்டு. அக்டோபர் முடிவில் இரண்டு பெட்டியோடு வந்து அப்படியொரு வீட்டில் இறங்குவது தனியாளுக்கு நல்ல தொடக்கம்: தூக்க சோபா இல்லை, ஓராண்டு ஒப்பந்தம் இல்லை, ஊரை அதன் வெறிச்சோடிய ஜனவரியில் பார்த்துவிடலாம். மே மாதம் அந்த வீட்டைக் காலிசெய்தாக வேண்டும். நிரந்தர வீட்டைப் பிப்ரவரி, மார்ச்சிலேயே மேடான இடமாகப் பார்த்து முடிப்பது நல்லது. புயல் பருவம் ஜூன் 1இல் தொடங்குகிறது. வெள்ளக் காப்பீட்டுக்கு 30 நாள் காத்திருக்க வேண்டும் என்பதால், புது முகவரிக்கான தாளில் ஏப்ரல் மாதத்துக்குள் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும்.